மேனேஜர் வாசித்த மனு

இன்று மஞ்சூர் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடியும் நேரம். கோயிலின் பங்குமக்கள் பேரவைத் துணைத் தலைவரான தேயிலை எஸ்டேட் மேனேஜர், வழக்கம்போல் அறிவிப்புகளை வாசித்தார்.

கல்யாண அறிவிப்பு முடிந்தது. அடுத்த தாள் ஃபாதர் எழுதியது.

"கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தோட்டத்தில் கழிப்பறை கேட்டு எஸ்டேட் நிர்வாகத்துக்கு மனு கொடுக்கிறோம். விரும்புவோர் கையெழுத்திடலாம்."

பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

பின்வரிசையில் செல்வி அக்கா எழுந்தார். அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்.

"ஏனுங்க சார், இங்க கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாப் படிங்க."

ஃபாதர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் முதலிலிருந்து வாசித்தார்.

நேற்றுவரை ஃபாதர் கேட்டும் மேனேஜருக்குப் பயந்து கையெழுத்திடாத பெண்கள், பூசை முடிந்ததும் கையெழுத்திட வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"சாரே சொல்லிட்டாருங்க, அப்புறமென்ன?" என்றார் செல்வி அக்கா.

மனுவை வாங்க வேண்டியவரே அதை இரண்டு முறை வாசித்த பங்கு வேறு எங்காவது உண்டா?