மைக்கில் கேட்ட என் பேர்

மூன்றாம் வகுப்பில் என்னை இரண்டு வருஷம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வருஷம் நானே எழுந்து கடலுக்குப் போய்விட்டேன். அதனால் என் பேர் பெரிதாக எங்கேயும் எழுதப்பட்டதில்லை. எங்கள் மண்டபத்தூர் கோயில் திருவிழா நோட்டீஸில் ஒரு தடவை கடைசி வரியில் போட்டார்கள். அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போய், வேறு யாரோ ஆகிவிட்டேன்.

அப்பேர்ப்பட்ட பேரை ஆஸ்திரேலியாவில் ஒருத்தர் மைக் வைத்துக் கத்தினார்.

என் மகள் நர்ஸ். மெல்போர்னிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே முதியோர் விடுதியில் வேலை. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பேர்? எல்லாரையும் போல அப்பா பேரைப் போட்டாள். அங்கே போனால் அந்தப் பேரைத்தான் முன்னால் வைக்கிறார்கள். "நீங்க எங்கயாவது பின்னாடி நிக்கிறீங்களோன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேம்ப்பா" என்பாள்.

போன இடத்தில் அந்த ஊர் ஃபுட்பால் விளையாட ஆரம்பித்தாள். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்று பேர். பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு பக்கமும் அமுக்கின இளநீர் மாதிரி இருக்கும். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தப்பி ஓரச் சந்தில் போனாலும் ஒரு புள்ளி! தப்பு செய்ததற்குப் புள்ளி கொடுக்கிற ஆட்டத்தை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மூன்றாம் வகுப்பில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் நான் இன்றைக்குக் கலெக்டர்.

இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அப்பா, கிளப்பு ஆரம்பிச்சதுலேருந்து பொம்பளைங்க டீமு கப்பு அடிச்சதே இல்ல. நல்லா ஆடுற பொண்ணு ஒருத்திக்கு முட்டி பெசகிப்போச்சு. அவ எடத்துலதான் என்னயப் போட்டுருக்காங்க. தோத்தா, அவ இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு காலம்பூரா சொல்லுவாங்கப்பா."

"சொல்லட்டும். பேரு என்னோடதுதான, எனக்குப் பழக்கம்தான்" என்றேன். சிரிக்கவில்லை அவள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. படகு வந்து மீன் இறக்கியாகிவிட்டது. ஐஸ் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் போட்டோம். நானும் என் பெண்டாட்டியும், மீன் வாங்க வந்த சொல்தாவும். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருக்கு இங்கிலீஷும் வரும். மைக்கில் பேசுவதை எங்களுக்குச் சொல்வதற்கென்றே உட்கார வைத்தோம்.

மகளின் முதல் உதை நான்கு கம்பத்துக்கும் வெளியே போனது. மைக்கில் என் பேரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள்.

"ஏம்ப்பா, ஒன் பேரச் சொல்லி வருத்தப்படுறான்" என்றார் சொல்தா.

"எங்கப்பாவும் அப்படித்தாங்க."

இரண்டாவது உதைக்கு ஒரு புள்ளி. நான் கை தட்டினேன். என் பெண்டாட்டி முறைத்தாள்.

கடைசியில் இரண்டு புள்ளி குறைவாக இருந்தது எங்கள் பக்கம். உயரத்தில் வந்த பந்தை என் மகள் இரண்டு பேர் தோளுக்கு மேலே தாவிப் பிடித்தாள். அதே நேரம் ஆட்டம் முடிகிற சங்கு ஊதிவிட்டது.

"போச்சா?" என்றாள் என் பெண்டாட்டி.

"போவல. சங்குக்கு முன்னாடியே புடிச்சிட்டா, ஒரு ஒத உண்டு. ஆனா ஒரு புள்ளி பத்தாது. நடுவுலதான் போவணும்" என்றார் சொல்தா.

அங்கே நல்ல காத்து. கொடியெல்லாம் இடமிருந்து வலமாகப் படபடத்தது. என் மகள் கம்பத்தைப் பார்க்காமல், இடது பக்கம் எங்கேயோ பார்த்து நின்றாள்.

"எங்க பாக்குறா ஒம் மவ? கம்பம் அங்கல்ல இருக்கு!" என்று பதறினார் சொல்தா.

எனக்கு மட்டும் புரிந்தது. வடக்கேயிருந்து நீரோட்டம் இழுக்கும்போது அரசலாற்று முகத்துவாரத்துக்கு நேராகப் படகை விடக்கூடாது. வடக்கே தள்ளிக் குறி வைத்தால், தண்ணீரே கொண்டுவந்து வாயில் சேர்க்கும். இது எல்லாருக்கும் தெரியும். நான் ஒருத்தன்தான் நேராக விட்டு மணல் திட்டில் ஏற்றியவன். அன்றைக்குக் கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தவள் என் மகள்.

உதைத்தாள். பந்து இடப்பக்கமாகவே போனது. என் பெண்டாட்டி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். பந்து போகப் போகக் காத்து அதை வளைத்தது. கம்பத்தடியில் நின்ற நடுவர் இரண்டு கையிலும் கொடியை எடுத்து ஆட்டினார். கடலில் துணியை ஆட்டினால் படகுக்கு ஆபத்து என்று அர்த்தம். "அய்யோ, போச்சே!" என்று தலையில் கை வைத்தேன்.

"யோவ், ரெண்டு கொடி ஆட்டுனா ஆறுய்யா! கப்பு ஒம் மவளுக்கு!" சொல்தா என் முதுகில் ஒரு அறை விட்டார்.

மைக்கில் என் பேரை மூன்று தடவை கத்தினார்கள். உச்சரிப்பு சரியில்லை, ஆனால் ஓர் எழுத்தும் விடவில்லை. மண்டபத்தூர்க் கரையில் அழுக்குக் கைலியோடு நின்றுகொண்டு, கூப்பிட்டவனுக்கெல்லாம் "வாரேன், வாரேன்" என்றேன்.

"என் பேருடீ! கேட்டியா?"

அவள் கண்ணைத் துடைத்தாள். புடவையைக் கணுக்கால் வரை தூக்கி, காலை என் முன்னால் நீட்டினாள்.

"பேரு ஒன்னோடது, சரி. காலு யாருது? மீன் கூடைன்னு பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான். கூடையச் சொமந்துகிட்டு சுரக்குடி வரைக்கும் நடந்த காலுய்யா இது!"

சொல்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ கால் வந்தது. முகமெல்லாம் சேறு, பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். "அப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

"காலக் காட்டுடி."

மகள் காலைத் தூக்கிக் காட்டினாள். முட்டிக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. இவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, போன் கண்ணாடியில் அந்த இடத்தைத் தடவினாள். நான் என் பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.