ஸ்பீக்கரில் கேட்ட கிறுக்கல்

ஆசிரியர் அறையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஓவிய ஆசிரியை. ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. ஓவியத்துக்குப் பரீட்சை கிடையாது என்பதால் மற்ற பரீட்சைகளின் மேற்பார்வையெல்லாம் அவள் தலையில்தான் விழும். பேசக் கூடாது, படிக்கக் கூடாது. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

கால் சுளுக்கி நாற்காலியோடு கிடந்த ஒரு பரீட்சையில்தான் அது காதில் விழுந்தது. அறை முழுக்கப் பேனாக்களின் சத்தம். ஒன்று சருகு உருள்வது போல, ஒன்று எலி பிறாண்டுவது போல. விடை தெரிந்தவளின் பேனா ஒரே மூச்சில் ஓடியது. தெரியாதவனுடையது மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கரித்துண்டை எடுத்து அந்தச் சத்தங்களைக் கோடுகளாக இழுத்துப் பார்த்தாள். அப்புறம் விடவில்லை. வங்கி, தபால் நிலையம், மருந்துக்கடை என்று யார் எழுதினாலும் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் கையெழுத்து எப்படிக் கேக்குது?" என்றார் கணவர்.

"கொசு மாதிரி."

அவர் மறுபடி கேட்கவில்லை.

படங்கள் சேர்ந்ததும் நூலக மாடியில் கண்காட்சி வைத்தாள். எலக்ட்ரீஷியனான கொழுந்தன் ஒரு மேஜைக்கு அடியில் மைக்கை ஒட்டிக் கொடுத்தான். அதில் யார் எழுதினாலும் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்கும்.

கண்காட்சி திறந்த மறுநாள் அக்கா வந்தாள். அக்கா நர்ஸ். அம்மா யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சில் முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா அக்காவோடு இருந்தாள். அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். ஸ்பீக்கரில் மெல்ல ஏதோ நகர்ந்தது. நின்றது. பிறகு கரகரவென்று, காகிதமே கிழிகிற மாதிரி ஒரு கிறுக்கல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா காகிதத்தைக் கசக்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கிவிட்டாள்.

பம்பரத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சத்தத்தை வரைந்து வரைந்து பார்த்தாள். எந்தத் தாளிலும் கோபம்தான் வந்து உட்கார்ந்தது. அப்படி என்ன எழுதி அடித்திருப்பாள்?

"நேரா போய்க் கேட்டுடேன். நீ சுத்துற சுத்துல எனக்குத் தலை சுத்துது," என்றார் கணவர்.

காலையில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என்னதான் எழுதி அடிச்ச?"

"அடிக்கல. பேனா எழுதல. மை வரட்டும்னு கிறுக்கினேன்."

"முதல்ல ஏதோ எழுதினியே, கேட்டுச்சே."

"உன் பேருதான். பாதியில மை நின்னுபோச்சு. எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. மானம் போச்சு எனக்கு."

பம்பரம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அதற்குள் அக்காவே சிரித்துவிட்டாள். "எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. அம்மாவுக்கு மாத்திரை நீ குடுத்துடு," என்று அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அம்மா கட்டிலில் இருந்தபடி, "இன்னைக்கு நீயா?" என்றாள்.

"ஆமாம்மா."

கண்காட்சி அறையின் சாவி பம்பரத்திடம்தான் இருந்தது. திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டையைத் தேடி ஒவ்வோர் அலமாரியாகத் திறந்துகொண்டிருந்தாள்.