ராஜநாகத்தைக் கொடுத்து வாங்கிய தவளைகள்

ஜிகினாத்தாள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்ததும் வெள்ளைப் பொடியோடு சேர்ந்து எழும் பபுள்கம் வாசனைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கம்மை வாயில் அடக்கிக்கொண்டு, பொடி ஒட்டிய விரல்களால் உள்ளேயிருக்கும் ‘பூத கார்டு’களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்போம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் எங்கள் அடுகோடித் தெருப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டிய பைத்தியம் அதுதான். ஒவ்வொரு கார்டிலும் ஒரு விசித்திரப் பிராணியின் படம், மேல் மூலையில் அதன் பலத்தைச் சொல்லும் எண், கீழே பொடி எழுத்தில் ஓரிரு ஆங்கில வரிகள். ஓரத்தில் தங்க நிறம் பூசியிருந்தால் அது ‘கோல்டு’, எப்போதாவதுதான் கிடைக்கும். சின்ன எண் போட்டதெல்லாம் ‘டப்பா’.

ஆட்டம் ரொம்ப எளிது. ஆளுக்கொரு கார்டைப் போட வேண்டும். பெரிய எண்ணைப் போட்டவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் பாக்கெட் பாக்கெட்டாக வாங்க முடிந்தவனிடமே எல்லாம் போய்ச் சேர்ந்தது. எங்கள் லைன் வீடுகளின் சொந்தக்காரர் மகன் ராகேஷ் மாடியில் குடியிருந்தான். போட்டோ ஆல்பம் ஒன்றில் கோல்டு கார்டுகளாகச் சொருகி வைத்திருந்தான். அந்த வருடம் தசரா விடுமுறை தொடங்கியதும் ஒரு சட்டம் போட்டான்: “கோல்டு இல்லாதவங்க மாடிக்கு வரவேணாம்.”

நான் படியிறங்கினேன். பக்கத்து வீட்டு நஸ்ரீனும் என்னோடு இறங்கி வந்துவிட்டாள். அவளிடம் ராஜநாகம் என்ற கோல்டு ஒன்று இருந்தது. அவள் அங்கேயே இருந்திருக்கலாம். என்னை விட்டுவிட்டு ஆட அவளுக்கு மனம் வரவில்லை.

அப்பாவுக்கு பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. பாக்கெட் வாங்கித் தரச்சொல்லி வீட்டில் கேட்க முடியாது. ஆனால் முனைக்கடை பாயிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பிள்ளைகள் வேண்டாமென்று தரும் டப்பா கார்டுகளுக்கு அவர் ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு அவற்றை அதில் போட்டு வைப்பார். கைச்சில்லறைக்கு அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொள்ளலாம்.

அந்தக் கார்டுகளை வைத்து என்ன ஆடுவது என்பதற்கு வழி எங்கள் வீட்டிலேயே இருந்தது. பலகாரத் தட்டு வந்தால் நானும் தம்பிகளும் அடித்துக்கொள்வோம் என்பதால், “ஒண்ணு எட்துக்கினு தட்டத் தள்ளு” என்பது அம்மாவின் நிரந்தரக் கட்டளை. கார்டையும் அப்படியே செய்தால் என்ன என்று நஸ்ரீனிடம் கேட்டேன். கார்டுகள் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ள வேண்டும். அப்படிப் பொறுக்கியதை வைத்து ஆடிவிட்டு, முடிந்ததும் திரும்பப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

முதல் தடவை டின்னிலிருந்து பெரிய எண்களாகப் பார்த்துப் பொறுக்கி வந்தோம். ஆட்டம் படுத்துவிட்டது. காண்டாமிருகம் கிடைத்த என் தம்பி எல்லாரையும் அடித்துத் தள்ளினான், அவ்வளவுதான். “இதுக்கு ராகேஷ் ஆட்டமே தேவலாம்” என்றாள் நஸ்ரீன். பிறகு, பொழுது போகாமல், கீழேயிருந்த பொடி எழுத்தை வாசிக்க ஆரம்பித்தாள். அதுவரை தெருவில் யாரும் அதை வாசித்ததில்லை. தவளைக்குப் பலம் ஒன்றுமில்லை, ஆனால் எதிரில் வரும் பிராணியைத் தூங்க வைத்துவிடும். கொசு, தூங்குவதை எழுப்பிவிடும். கொசுவைத் தவளை தின்றுவிடும். நாங்கள் மிட்டாய்க்கு விற்றுத் தொலைத்த டப்பாக்களுக்குள் இத்தனை தந்திரம் இருந்திருக்கிறது.

இனி எண்ணைப் பார்க்காமல் வரியைப் பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தோம். சில்லறை தீரும்வரை கடை முன்னால் உட்கார்ந்து வாசித்து வாசித்து எடுத்தோம். “ஏம்மா, கல்யாணத்துக்கு ஜவுளியா எடுக்குறீங்க? கடைய மறைச்சிக்கினு குந்திக்கினா யாவாரம் எப்டி ஆவும்?” என்றார் பாய். பெட்டி பாதிகூட நிரம்பவில்லை, காசும் இல்லை.

மறுநாள் நஸ்ரீன் தன் ராஜநாகத்தை எடுத்துவந்து மிட்டாய் பாட்டில் மேல் வைத்தாள். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா யோசிச்சிக்கினியா? அப்பறம் வந்து அழக் கூடாது.”

“டின்னுல நாங்க கேக்கறதெல்லாம் தரணும்” என்றாள் அவள். தலையாட்டினார்.

தவளையும் கொசுவும் நத்தையும் வௌவாலும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். நெருப்புக் குதிரை என்று ஒன்று, பார்க்க அவ்வளவு அழகு. தவளையின் வித்தையும் அதனிடம் பலிக்காது, தடுக்க எங்கள் பெட்டியில் வேறு ஆளும் இல்லை என்பதால் மனமே இல்லாமல் டின்னில் திரும்பப் போட்டேன். அன்று சாயங்காலமே ராஜநாகத்தை ராகேஷ் வாங்கிவிட்டான். மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எங்களுக்குத் தெரியும்படி ஆல்பத்தை விரித்துப் பிடித்தான். நஸ்ரீன் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கார்டுகளைக் கலைத்துப் போட ஆரம்பித்தாள்.

மாடிப்படிக்குக் கீழே ஆடினோம். ராகேஷிடம் எல்லாவற்றையும் தோற்றவர்கள் முதலில் வந்தார்கள். பிறகு அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டு மற்றவர்கள். ஆயுத பூஜைக்குள் மாடி காலியாகிவிட்டது. அன்று மத்தியானம் ராகேஷே ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். யாரும் அவனை விரட்டவில்லை. ஆல்பத்தை மட்டும் ஓரமாக வைக்கச் சொன்னோம். பழக்கதோஷத்தில் பெரிய எண்களாகவே பொறுக்கினான். நஸ்ரீன் அவற்றை ஒவ்வொன்றாகத் தவளைகளை விட்டுத் தூங்க வைத்தாள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் முகம் சிவந்துபோயிற்று, ஆனாலும் எழுந்து போகவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் முதலில் எடுத்தது ஒரு கொசுவை.

மறுநாள் காலை ஷூ பெட்டி நிறைய டப்பா கார்டுகளோடு வந்தான். எல்லாவற்றுக்கும் மேலே ராஜநாகம் இருந்தது.

“நோடு, இதெல்லாம் உங்க பெட்டியில சேருமா?” என்று கன்னடம் கலந்து நஸ்ரீனைக் கேட்டான்.

அவள் நிதானமாக ஒவ்வொன்றாக வாசித்தாள். சில டப்பாக்களை எடுத்துக்கொண்டாள். ராஜநாகத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“இது வேணாம். இது உள்ள வந்தா தவளையெல்லாத்தையும் முழுங்கிடும், ஆட்டம் கெட்டுடும்.”

அந்த விடுமுறை முழுக்க, எங்களைக் கேட்காமல் ஒரு கார்டும் அந்தப் பெட்டிக்குள் வரவில்லை.

லைன் வீடுகளை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்; மாடிப்படி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பாயின் கடையில் யாரோ மொபைல் கவர் விற்கிறார்கள். வீடு மாறியபோது பெட்டி பழைய பேப்பரோடு போய்விட்டது. நஸ்ரீன் மைசூரில் இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம், டின்னிலேயே விட்டுவந்த மூன்று கண் ஆந்தையை நாம் சேர்த்திருக்கலாம் என்கிறாள். சேர்த்திருக்கவே கூடாது என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி.