நெட்டை சிஸ்டர் கட்டிய கட்டில்கள்

எங்கள் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் பதினாறு வருடம் கால் கடுக்க நின்று வேலை பார்த்தவரை எல்லோரும் நெட்டை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மேல்தட்டு மருந்துப் பெட்டியை எடுக்க ஸ்டூல் தேடாத ஒரே ஆள் அவர். ஒருநாள் ஸ்ட்ரெச்சரிலிருந்து சரிந்த நோயாளியைத் தாங்கிப் பிடித்தார். நோயாளி விழவில்லை, இவர் இடுப்புதான் போயிற்று. இனி யாரையும் தூக்கக்கூடாது என்று சொல்லி, பயிற்சி அறையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள்.

"என்னை மூலையில போட்டுட்டாங்க," என்று முதல் வாரம் என்னிடம் கண்கலங்கினார். நான் பக்கத்து அறையில் மருந்து இருப்புப் பார்ப்பவன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருடம்தான் புதுக் கட்டடத்துக்கு மாறும் வேலை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். யார் எந்த வழியாக, எந்த வரிசையில் போக வேண்டும் என்று காட்டும் ஸ்லைடுகளைத் தயாரிப்பது சிஸ்டரின் பொறுப்பு. ஒவ்வொரு கட்டிலும் ஒரு செவ்வகம். அதன்மேல் எண் எழுதிய வட்டம். ஆக்சிஜன் தேவைப்படுபவர் என்றால் ஒரு சிவப்பு முக்கோணம்.

முதல் கூட்டத்தில் தலைமை நர்ஸான மேட்ரன் மௌஸைப் பிடித்து, ஒரு கட்டிலையும் அதன் வட்டத்தையும் தேர்ந்து கதவருகே இழுத்தார். கட்டிலும் வட்டமும் போயின. முக்கோணம் இருந்த இடத்திலேயே நின்றது. காலியான இடத்துக்கு வேறொரு கட்டிலை நகர்த்தினார். யாரும் எதையும் கவனிக்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்," என்று சிஸ்டர் எழுந்தார். "நீங்க முதல்ல நகர்த்தினது மூச்சுத்திணறல்காரரு. அவரோட ஆக்சிஜன் இப்ப கால் உடைஞ்சவர் தலையில நிக்குது."

மேட்ரன் மௌஸைக் கீழே வைத்தார்.

ஸ்லைடில் ஒரு கட்டிலுக்குரிய வடிவங்களை ஒரே குழுவாகக் கட்டி வைத்தால் சேர்ந்தே நகரும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நோயாளிகள் தினமும் மாறுவார்கள், படமும் மாறும். இருநூற்றுச் சொச்சம் கட்டில்களைத் தினமும் கையால் கட்ட முடியுமா? சிஸ்டர் கம்ப்யூட்டர் பிரிவுக்காரரிடம் போனார்.

"நிரல் எழுதினா அதுவே கட்டிடும் சிஸ்டர். ஆனா எங்களுக்குப் புதுக் கட்டடத்துல வயர் இழுக்கவே ஆள் பத்தல."

"அப்ப நானே எழுதிக்கறேன்."

"எழுதுங்க, எழுதுங்க," என்று அவர் சிரித்த சிரிப்பில் நம்பிக்கை மருந்துக்கும் இல்லை.

அதுவரை நிரல் என்றால் என்னவென்றே சிஸ்டருக்குத் தெரியாது. வீடியோ பார்த்தார், நோட்டில் எழுதினார், வீட்டிலும் அதே நினைப்பு. "அடுப்புல பாத்திரம் கருகுது, நீ பாட்டுக்கு கட்டம் கட்டமா வரைஞ்சிட்டிருக்கே!" என்று கத்திய, பஸ் டிரைவரான வீட்டுக்காரர் அந்த மாதம் முழுக்கச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

முதல் நிரலை ஓட்டிவிட்டு ஒரு கட்டிலை இழுத்தார். வார்டே கிளம்பி வந்தது! கதவு, கழிப்பறை, நர்ஸ் மேஜை எல்லாம் ஒரே மூட்டை. சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

திருத்தினார். இப்போது ஒரு கட்டிலோடு இன்னொரு கட்டிலின் முக்கோணம் ஒட்டிக்கொண்டது. நகலெடுத்த முக்கோணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்; அதுதான் குழப்பம். "ஒரே பேர்ல ரெண்டு பேஷன்ட் இருந்தா கைப்பட்டை நம்பர் பாக்காம ஊசி போடுவோமா?" என்றார் என்னிடம். முதலில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப்பெயர் சூட்டவும், பிறகு எந்த வடிவத்தின் நடுப்புள்ளி எந்தக் கட்டிலுக்குள் விழுகிறது என்று பார்த்துக் கட்டவும் நிரலை மாற்றினார்.

அதுவும் பாதியில் நின்றது. ஒற்றை வடிவத்தைக் கட்ட முடியாதாம்.

"அந்தக் கட்டிலை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லிடுங்க," என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்.

"ஏன் தனியா நிக்குதுன்னு பாக்காம எப்படி விடறது?"

தனியாக நிற்பவற்றையெல்லாம் பட்டியல் போட வைத்தார். எண் இல்லாத கட்டில்கள் ஒன்பது, கட்டில் இல்லாத முக்கோணங்கள் நான்கு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றியபடி மூன்று மாடியும் ஏறி, ஒவ்வொரு நோயாளியையும் நேரில் பார்த்துச் சரிசெய்தார். நான் கூடப் போனேன். எனக்கே மூச்சு வாங்கியது.

மாற்றும் நாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்றாம் மாடியிலிருந்த இருபத்துமூன்று பேரையும் சரிவுப்பாதை வழியாக இறக்க வேண்டும். வரிசை மொத்தமும் தலைகீழ். மேட்ரன் கையைப் பிசைந்தார். சிஸ்டர் திரையில் கட்டில்களை ஒவ்வொன்றாக இழுத்தார். எண்ணும் முக்கோணமும் கூடவே போயின. பத்தே நிமிடத்தில் புதுத்தாள் வார்டுக்கு வந்தது. முக்கோணம் உள்ள ஆறு பேரும் சிலிண்டரோடு முதலில் இறங்கினார்கள். மாலை நான்கு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரவர் படுக்கையில்.

பாராட்டுக் கூட்டத்தில் இயக்குநர் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நன்றி சொன்னார். அந்தப் பிரிவுக்காரர் உடனே எழுந்தார்.

"சார், அதுல ஒரு வரிகூட நாங்க எழுதல. எல்லாம் சிஸ்டர் எழுதினது. எனக்குப் புரியவே ரெண்டு நாள் ஆச்சு."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. சிஸ்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேஜை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

இப்போது அவர் அறை வாசலில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். இந்த வாரம் இரத்த வங்கிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்து நான், என் மருந்து அலமாரிகளின் படத்தோடு.