தூரக்கண்ணாடிக்கு முளைத்த மூன்று கால்

கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று என்னைக் கண்டு பொறாமைப்பட்டவர்கள் பலர். ஆளில்லாத இடத்தில் உத்தியோகம் பார்த்து, சுவரோடு பேசிப் பழகிய அன்பர்களுக்குத்தான் அதன் அருமை விளங்கும்.

இரண்டாம் உலக யுத்த காலம். வாகரைக் கரையில் மணல்மேட்டின்மேல் ஒரு கொட்டில், ஒரு டெலிபோன், ஒரு தூரக்கண்ணாடி. பகைக் கப்பல் தெரிந்தால் மட்டக்களப்பிலிருந்த மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை பழுகாமத்தானாகிய நான். அதன்பின் பொழுதுபடும்வரை காத்தான்குடி மீராலெவ்வை காக்கா; அவர் ஊர்ப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். நூல் தட்டுப்பாட்டில் தறி நின்றுபோனதால் இந்த வேலைக்கு வந்தவர் அவர். காவலில் இருப்பவரோடு மற்றவர் பேசக்கூடாதென்று கட்டளை. ஆகவே நாளுக்கொரு தடவை "வந்திட்டன்", "போறன்". பொழுதுபட்டதும் அவர் சைக்கிளில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். நான் கொட்டிலின் பின்னறையில் தனியே கிடப்பேன்.

இரண்டு புகைபோக்கி

அரைமணி நேரம் தூக்கிப் பிடித்தால் அந்தக் கண்ணாடி அம்மிக்கல்லாய்க் கனக்கும். கை நடுங்கினால் கடலும் சேர்ந்து துள்ளும். அப்படித் துள்ளிய கடலில் ஒருநாள் இரண்டு புகைபோக்கியோடு ஒரு கப்பலைக் கண்டு டெலிபோனைச் சுழற்றினேன். மட்டக்களப்பில் ஒரே அமளி. கரைக்கு வந்தபோது அது மீன்பிடித் தோணி. புகைபோக்கிகள், எழுந்து நின்று வலை இழுத்த அண்ணனும் தம்பியும்.

இன்னொரு பிழை விட்டால் வீட்டுக்குத்தான் என்றார் மேலதிகாரி. வீட்டில் அந்த வருடம் வெள்ளாமை பொய்த்திருந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. டெலிபோனை வைக்குமுன் அவர் சொன்னார்: "அந்தக் கப்பலில என்ன மீன் பட்டதெண்டும் கேட்டுச் சொல்லும்."

மண் பை

கை நடுங்கினால் கையை விட்டுவிட வேண்டியதுதான். கொட்டிலுக்குப் பின்னாலிருந்த வாவிக்கரையில், உப்புநீரில் வளரும் கண்டல் மரத்தில் நேரான கம்பு மூன்று வெட்டி, தலைப்பில் சேர்த்துக் கட்டினேன். உடைந்த சைக்கிள் ஒன்றின் கைபிடி திரும்பும் கழுத்தை அறுத்து அதன்மேல் இறுக்கினேன். கண்ணாடி இடம் வலமாகத் திரும்பியது. மேலும் கீழும் அசைய ஒரு கதவுப் பிணைச்சல். நகராமல் நிறுத்திவைக்க ஒரு திருகாணி. கண்ணாடியைச் சைக்கிள் டியூப் றப்பரால் வரிந்தேன்.

எல்லாம் சரி, திருகாணியைத் தளர்த்தினால் மட்டும் கண்ணாடி கோழி கொத்துவதுபோல் முன்னால் குனிந்துவிடும். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். நாலாம் நாள் காவல் மாறும்போது காக்கா ஒரு சின்னப் பையில் மணல் அள்ளிப் பின்பக்கம் தொங்கவிட்டார். கண்ணாடி விட்ட இடத்தில் நின்றது. கட்டளையை மீறி அவர் பேசிய முதல் பேச்சு இது: "தறிக்குக் கல்லுக் கட்டுவம். உங்கட ஆளுக்கு மண் காணும்."

நாரைக்கூடு

ஒருநாள் விடியற்காலை வந்து பார்த்தால் கண்ணாடி கடலை விட்டு வாவிப் பக்கம் திரும்பி நிற்கிறது. திருகாணியும் இறுக்கியிருந்தது. முந்தினநாள் கடைசியாகத் தொட்டவர் காக்காதான். எரிச்சலோடு கண்ணை வைத்தேன். தூரத்துக் கண்டல் மரத்தில் ஒரு நாரைக்கூடு. அதில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு குஞ்சு.

கையில் பிடித்த காலத்தில் "அங்கே பார்" என்று ஒருவருக்குக் காட்டவே முடியாது. கண்ணாடி கைமாறுமுன் கண்டது காணாமல் போய்விடும். இப்போது ஒருவர் கண்டதை மற்றவர் அப்படியே காணலாம். அதை அறிய எனக்கு இவ்வளவு நாளாயிற்று. அன்று உச்சிக்கு, பாயில் ஏழெட்டு ஒட்டுப்போட்ட ஒரு தோணியைக் காக்காவுக்காக நிறுத்திவைத்தேன். இப்படியே மாறி மாறி. அந்தக் கொட்டிலுக்கு வந்தபின் முதல் தடவையாக, நான் தனியாளில்லை என்று நினைத்தேன். ஒருநாள் சைக்கிளில் ஏறும்போது காக்கா கேட்டார்: "மத்தக் குஞ்சயும் பாத்தீங்களா?"

திருப்பியது யார்

குஞ்சுகள் சிறகடித்துப் பார்த்த நாளில், காக்கா வரும் நேரம் பார்த்துக் கண்ணாடியைக் கூட்டுக்குத் திருப்பி இறுக்கினேன். அவர் வந்து சைக்கிளைச் சாத்தினார். பின்னாலேயே ஜீப்பில் மேலதிகாரி. சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர் நேரே கண்ணாடியில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கடலை விட்டு இதைத் திருப்பியது யார் என்று கேட்டார். அந்த ஆள் இன்றோடு போகலாம் என்றார்.

வாய் திறக்க நேரமிருந்தது. திறக்கவில்லை. காக்காவின் தறி இன்னும் நின்றபடிதான் கிடந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இப்ப வந்து நாந்தான் திருப்பினன் ஐயா. தம்பிக்குக் கடலத் தவிர ஒண்டும் தெரியா."

புதியவர்

அவருக்குப் பதிலாக வந்தவர் நல்ல மனிதர், கடமையில் கெட்டி. ஒரு வாரம் பொறுத்து, நான் துணிந்து கண்ணாடியைக் கூட்டுக்கு நிறுத்தி, திருகாணியை இறுக்கிவிட்டுப் போனேன். குஞ்சுகள் அன்றுதான் பறக்கத் தொடங்கியிருந்தன. பின்னறைக்குப் போய்ப் படுத்தேன். அவர் என்ன சொல்வாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காவல் மாறும்போது சொன்னார்: "கண்ணாடி ஒரு பக்கமாத் திரும்பிக் கிடந்திச்சு. பாக்காமலே நேராக்கிட்டன்."

யுத்தம் முடியும்வரை என் கண்ணாடி ஒருதரமும் ஆடவில்லை, பகைக் கப்பல் ஒன்றும் வரவில்லை. அந்தக் கரையிலிருந்து நான் விரட்டிய ஒரே ஆள் மீராலெவ்வை காக்காதான்.