குரக்கன் கஞ்சியும் காலை மாத்திரையும்

என் மனைவியின் எலும்பு மச்சை இரத்தம் ஊறுவதை நிறுத்திவிட்டது என்று வைத்தியர் கூறியபோது, நோயின் பெயரைத் தாளில் எழுதித் தருமாறு கேட்டேன். அப்லாஸ்டிக் அனீமியா. அரிதான நோய், தனி ஒரு மருந்துக்கு எளிதில் அடங்காதது. உடலின் காவற்படையே தன் மச்சையை அழிப்பதால், அப்படையை அடக்க இரண்டு மருந்துகளும், ஓய்ந்த மச்சையைத் தூண்டக் காலையில் ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

முதல் மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டது. அதை ஏற்றிய நாளில், "இஞ்சாருங்கோ, இனி நான் மோர்டன் ஸ்டேஷனுக்கு ஓடியே போவன். நீங்கள் பஸ்ஸில வாங்கோ" என்றாள். காரணம் அறியாமலே தாதியும் சிரித்தார்.

இந்த நாட்டுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபடி அகராதியை வைத்து ஆங்கிலம் வாசிக்கக் கற்றவன் நான். ஆகவே மாத்திரைப் பெட்டியிலிருந்த தாளை நானே வாசித்தேன். மாத்திரைக்கு முன்னும் பின்னும் சில மணிநேரம் பால், தயிர், சீஸ் கூடாது. அவற்றிலுள்ள கல்சியம் மருந்தை உடலில் சேரவிடாது என்றிருந்தது. அன்றே வீட்டில் பாலை நிறுத்தினேன். எனினும் வெறுவயிற்றில் மாத்திரை சூடு என்று அஞ்சி, பால் சேராத குரக்கன் கஞ்சி காய்ச்சினேன். பலவீனருக்கு இரத்தம் ஊறும் என்று நாங்கள் நம்பும் தானியம் அது; கேழ்வரகு என்றும் சொல்வார்கள். மாத்திரையை விழுங்கியதும் கோப்பையை நீட்டுவேன். அவள் ஒரு சொட்டும் மீதம் வைத்ததில்லை.

மூன்று மாதங்களாகியும் குருதி அணுக்கள் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்தாளரான பெண்மணி விசாரித்ததை எங்கள் மகள் மொழிபெயர்த்தாள்.

"மாத்திரையோட அம்மா என்ன சாப்பிடுறவா எண்டு கேக்கிறா."

"குரக்கன் கஞ்சி. பால் துளியும் இல்லை" என்றேன், சற்றுப் பெருமையுடன்.

மகள் கைபேசியில் அதன் ஆங்கிலப் பெயரைத் தேடிக் காட்டினாள். மருந்தாளர் வாசித்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். அத்தானியத்தில் பாலைவிடக் கல்சியம் மிகுதி என்று மென்மையாகச் சொன்னார்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அப்பா?"

நான் விடை கூறுமுன் மனைவி குறுக்கிட்டாள். "அப்பாவை ஏசாத. நான்தான் கஞ்சி வேணும் எண்டு அடம்பிடிச்சனான். அவர் வேண்டாமெண்டுதான் சொன்னவர்."

அவள் ஒருநாளும் கேட்டதில்லை. குரக்கன் மணமே அவளுக்கு ஆகாது. மறுத்துரைக்க வாய் திறந்தேன். மேசையின் கீழ் என் கையை அழுத்தினாள்.

அன்றுமுதல் மாத்திரைக்குத் தண்ணீர் மட்டுமே. அணுக்கள் சிறிது உயர்ந்தன. எங்கள் நம்பிக்கை அவற்றைவிட விரைவாக உயர்ந்தது. ஆனால் மாசியில் வந்த காய்ச்சலை எதிர்த்து நிற்க அவளுடலில் வலு இருக்கவில்லை. வீணான அந்த மூன்று மாதங்கள் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பின்னர் வைத்தியரைக் கேட்டேன். சொல்ல இயலாது என்றார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து உறவினர் சென்றபின், மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவிலதான் பிழை, அப்பா. எப்பவும் தான் நினைச்சதுதான் நடக்கோணும். கஞ்சி கஞ்சியெண்டு..." ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "நீங்கள் உங்களைப் போட்டு வருத்தாதேங்கோ."

தாயின்மீது அவள் கொண்டிருந்த கோபத்தை அகற்ற என்னிடம் ஒரேயொரு வாக்கியம் இருந்தது. அவள் நீட்டிய தட்டை வாங்கித் துடைத்தேன்.

"ஓம், பிள்ளை" என்றேன்.