நிந்தவூரில் ஐந்து நாள்: வாடகை இல்லை, கடா உண்டு

ஏப்ரல் மாதத்தில் பண்டாரவளையில் குடியிருப்பது ஒரு வேடிக்கை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் எங்கள் தெருவில் ஓர் இரவுக்கு இருபதாயிரம் கொடுத்து அறை எடுப்பார்கள். அதே தெருவில் வீடு வைத்திருக்கும் நாங்களோ கடற்கரையில் ஓர் அறை எடுக்க வழியில்லாமல் லீவு முழுவதும் வீட்டிலேயே கிடப்போம். இந்த வருடம் அறுகம்பேயில் விசாரித்தபோது, மூன்று பேருக்கு ஓர் இரவு பதினைந்தாயிரம் என்றார்கள். நான் ஆசிரியை, கணவர் ரவி தபாற்கந்தோரில் வேலை. சொல்லாமலே புரியும்.

வழி காட்டியவள் பரீனா. நிந்தவூரில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன் கண்டியில் பரீட்சை விடைத்தாள் திருத்தப் போனபோது எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அன்று தொடங்கிய சிநேகம். அவளுக்கு மலைநாட்டுக் குளிர் வேண்டும், எனக்குக் கடல் வேண்டும். "அப்ப நீ என்ட வீட்ட வா, நான் உன்ட வீட்ட போறன்" என்றாள் ஒருநாள் தொலைபேசியில். புத்தாண்டு லீவில் ஐந்து நாள், இரண்டு பக்கமும் வாடகை இல்லை. விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

பரீனாவும் கணவர் நியாஸும் இரண்டு பெண்பிள்ளைகளும் முதல் நாள் மாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சாவியைத் தந்தாள். "உன் சமையலறையில எதச் சமைக்கக் கூடாது, இப்பவே சொல்லு" என்று கேட்டேன். பன்றி இறைச்சி என்பாள் என்று நினைத்தேன். "வளவில நிக்கிற ஆட்டச் சமைக்காம விட்டாச் சரி" என்று சிரித்தாள். ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிட்டுக் குர்பான் கொடுப்பதற்காக வாங்கிவிட்ட கடா அது. எண்பத்தைந்தாயிரம் ரூபாய். காலையும் மாலையும் இலை போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்றாள்.

மறுநாள் விடிகாலை 5.30க்குப் புறப்பட்டோம். பதுளைக்கு 6.45. அங்கிருந்து 7.15 பஸ்ஸில் அம்பாறை, இறங்கும்போது 12.15. அம்பாறையிலிருந்து காரைதீவுச் சந்தி இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில், கல்முனை பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். சந்தியிலிருந்து நிந்தவூருக்கு மூன்று கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 400. எங்கள் இருவருக்கும், அரை டிக்கெட்டில் வந்த பத்து வயது மகள் தர்ஷிக்குமாக, ஒரு வழிக்கு மொத்தம் 2,675 ரூபாய். பதுளையில் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பிபிலை வரைக்கும் இறக்கம் பார்த்துக்கொண்டே போகலாம்.

பரீனா வீடு முழுவதும் துண்டுக் கடதாசி ஒட்டி வைத்திருந்தாள், விடைத்தாள் திருத்தும் அதே சிவப்புப் பேனையால். "இந்த சுவிச்ச அமத்தாத, மோட்டர் நிண்டிரும்." "மணிக்கூடு பத்து நிமிசம் முந்தி ஓடும், நம்பாத." "நல்ல போர்வை மேல் தட்டில." நிந்தவூரில் ஏப்ரல் மாதம் போர்வை எதற்கு என்று ரவி கேட்டார். மின்விசிறிக்குக் கீழே ஈரத்துணி விரித்துப் படுத்துக்கொண்டுதான் கேட்டார். வெயில் அப்படி. காலை ஒன்பதுக்குப் பிறகு வெளியே போகும் யோசனையை விட்டுவிடுங்கள். நாங்கள் விடிந்ததும் கடலுக்குப் போய், வெயில் ஏறுமுன் வீடு திரும்பி, பின்னேரம் திரும்பவும் போனோம். இரண்டாம் நாள் ஒலுவில் துறைமுகத்துக்குப் போய், வள்ளத்திலிருந்து இறக்கிய பாரை மீன் கிலோ 1,400க்கு வாங்கினோம். எங்கள் ஊரில் அந்த மீன் வந்துசேரும்போது விலையும் மலையேறியிருக்கும்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

காலை ஏழு மணிக்கு வளவின் பின்பக்கம் மீன்காரர் சைக்கிள் ஹோர்ன் அடித்தார். நான் பின் கேற்றைத் திறந்து அரைக் கிலோ சூடை மீன் வாங்கினேன். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கேற்றுக்குக் கொளுக்கி போட்டேனா? இன்றுவரை ஞாபகம் இல்லை. எட்டு மணிக்கு இலைக்கட்டோடு போன தர்ஷி திரும்பி ஓடிவந்தாள்.

"அம்மா, ஆடு இல்ல."

கேற் ஒரு சாண் திறந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாவிடம் ஓடினேன். பரீனா அவரை, அக்கா என்ற பொருளில், ராத்தா என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படியே பழகிவிட்டேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே தெருவில் இறங்கினார். "கடற்கரப் பக்கம் பாப்பம் வா. எல்லா ஆடும் அங்கதான் மேயும்." ராத்தாவின் கணவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு ரவி தெற்கே, அட்டாளைச்சேனைப் பக்கம் போனார். நானும் ராத்தாவும் தர்ஷியும் தோணிகளுக்கு இடையில், தாழை மரங்களுக்குப் பின்னால், வயல் வரம்பு வரைக்கும் தேடினோம். ஆடுகள் ஏராளம் நின்றன. எங்கள் கடா இல்லை.

ஒன்பதரை மணிக்கு ராத்தா நின்றார். "பள்ளிவாசல்ல செல்லி ஸ்பீக்கர்ல அறிவிப்பமா? அரை மணித்தியாலத்தில கண்டுபிடிச்சிருவாங்க."

"வேணாம் ராத்தா. பரீனாவோட சொந்தக்காரங்க யாராவது கேட்டு அவளுக்குச் சொல்லிடுவாங்க."

"மறுகா என்ன? எப்பிடியும் செல்லத்தானே வேணும்?"

நான் அடுத்த தோணியின் பின்னால் பார்க்கப் போனேன். என் மனதில் இருந்தது அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை. நான்கு இரவு அறை வாடகையை மிச்சம்பிடிக்க வந்து, அதைவிடப் பெரிய தொகையைத் தொலைத்துவிட்டேன் என்பது மட்டுமல்ல. என்னை நம்பி வீட்டையே தந்தவளிடம், உன் கடாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருமுறை பரீனாவே அழைத்தாள். திரையில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு ரவி வியர்த்துக் கொட்டியபடி வெறுங்கையோடு வந்தார். வாசலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "கடைசிக்கு, இதே நிறத்தில ஒரு கடா வாங்கிக் கட்டிடலாம். கடன் எடுத்தாவது. அவங்களுக்குத் தெரிய வராது." வழியில் விசாரித்தும் வந்திருந்தார். பெருநாள் நெருங்குவதால் தொண்ணூற்றைந்தாயிரம் சொல்கிறார்களாம். நானும் சரி என்று சொல்லப் போனேன்.

தண்ணீர் கொண்டுவந்த ராத்தாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, அது இறைச்சிக்கு வாங்கின கடா இல்ல. குர்பானுக்கெண்டு நிய்யத் வெச்ச கடா. உங்கட ஆக்கள் கோயிலுக்கு நேர்ந்து விடுறீங்களே, அதுபோல. வேறொண்டத் தெரியாம மாத்திக் கட்ட ஏலா. காசு பெரிசில்ல. அவங்களுக்கிட்டச் செல்லுங்க, அவங்க என்ன செய்யிறெண்டு பாப்பாங்க."

ரவி தலையைக் குனிந்துகொண்டார். நான் தொலைபேசியை எடுத்தேன்.

"பரீனா, கடாவைக் காணோம். நான்தான் கேற்றைத் திறந்து விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "எப்ப?" என்றாள்.

"காலைல. எட்டு மணிக்குப் பார்த்தோம்."

"இரு, அவர்ட்டக் குடுக்கிறன்."

நியாஸ் வந்தார். "தங்கச்சி, நீங்க எந்தப் பக்கம் தேடின?"

"கடற்கரை, வயல், அட்டாளைச்சேனைப் பக்கம்."

"அங்கால போகாது. அது காரைதீவுக் கடா. ரெண்டு கிழமைக்கு முன்னதான் யோகம்மா அக்காட்ட வாங்கின. கேற் திறந்திருந்தா வந்த வழியத்தான் பாக்கும். வையுங்க, அவங்கட வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு எடுத்துக் கேக்கிறன்."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, திரும்ப அழைத்தார். "யோகம்மா அக்காட வாசல்ல நிக்கிதாம். எட்டு மணிக்கே வந்திட்டாம். என்ட நம்பர் அவங்கட மகன்ட போன்லதான், அவன் வயலுக்குப் போயிட்டான். அதான் அவங்களுக்குச் செல்ல ஏலாமப் போச்சு."

நான் அழுதேன். ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி என் முதுகில் ஓர் அடி வைத்தார், நன்றாகவே வலித்தது.

ஓட்டோ போய்வரவும் காத்திருக்கவும் 900. ஆட்டை ஏற்றுவதற்கு மேலதிகமாக எவ்வளவு என்று கேட்டேன். "ஆட்டுக்குக் காசில்ல அக்கா, அது ஏதும் செஞ்சு வெச்சாக் கழுவக் கூலி தாங்க" என்றார் டிறைவர். காரைதீவில், ஒரு வேப்பமரத்தடியில் எங்கள் கடா கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு நின்றது. யோகம்மா அக்கா மெலிந்த, வெயிலில் கறுத்த பெண்மணி. அதற்கு உப்புத் தண்ணீர் வைத்திருந்தார்.

"கண்டதும் நியாஸ் தம்பிட கடா எண்டு விளங்கிட்டு. கட்டி வெச்சிட்டன்" என்றார். "அது என்னத்தக் கண்டுது பெருநாளையும் விலையையும்? பசிச்சாத் தெரிஞ்ச வாசலுக்கு வருது."

ஆயிரம் ரூபாயை நீட்டினேன். "வித்த கடாக்கு ரெண்டாந்தரம் காசு வாங்கிறதில்ல, பிள்ள." தர்ஷியின் கையில் ஒரு கட்டுப் பூவரசு இலையைக் கொடுத்தார். கடாவின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வரும் வழி முழுவதும் கடா ரவியின் மடியில் தலை வைத்திருந்தது. கழுவ 200 கொடுத்தேன்.

நான்காம் நாள் கல்முனைச் சந்தைக்கும் மருதமுனைக்கும் போனோம். இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரம் ஒன்று ரவிக்கு, ஒன்று நியாஸுக்கு. பஸ், சாப்பாடு, ஓட்டோ எல்லாம் சேர்த்து ஐந்து நாளுக்கு இருபத்தோராயிரத்து சொச்சம். அறுகம்பேயில் ஒன்றரை இரவுக்குக்கூட அது காணாது.

இப்படி வீடு மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்பின் பழகாதவர்களோடு செய்யாதீர்கள். ஓர் இரவாவது இரண்டு குடும்பமும் ஒன்றாகத் தங்குங்கள், சுவிட்சிலிருந்து சாவி வரை நேரில் காட்டுங்கள். எரிவாயு, மின்சாரம் பற்றி முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் அவரவர் செலவை அவரவரே பார்த்துக்கொண்டோம். பக்கத்து வீட்டாரின் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். உயிருள்ள எதையும் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், அது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுவையுங்கள். ஏதாவது உடைந்தால், தொலைந்தால், உடனே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். நான் மூன்று மணித்தியாலம் வெயிலில் தேடியதை நியாஸ் ஐந்து நிமிடத்தில் தேடி முடித்தார்.

ஊர் திரும்பிய மாலை, எங்கள் சமையலறையில் பரீனா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லோரும் முன்னறையில். நான் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவள் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"கடா போனதுக்கு எனக்குக் கோவம் வரல்ல, மாலினி. மிருகம், கேற் திறந்தாப் போகும்தானே. அண்டைக்கு நான் எடுக்கக்குள்ள நீ போனத் தூக்கல்ல பாரு, அதுக்குத்தான் எனக்குக் கோவம்."

பிறகு என் கோப்பையில் சீனி போட்டாள், நான் கேட்காமலே, நான் குடிக்கும் அளவுக்குச் சரியாக.